சின்னவர் தர வேண்டியிருந்த ஒரு நிமிடம்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. கிழமை, மணி, நிமிடம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. என் வேலையில் ஒவ்வொரு பதிவுக்கும் இயந்திரம் தானாகவே நேரம் குறித்துவிடும். நான் பொய் சொன்னாலும் அது சொல்லாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு நடந்தது பட்டப்பகலில். வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்க் கடையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை.

நான் ஒலிப்பதிவாளர். பதினேழு வருடமாக அடுத்தவர் குரலை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வாத்தியக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘காது’. கூப்பிடுவதே ‘ஏ காது’ என்றுதான். கல்யாண வீட்டில்கூட அப்படிக் கூப்பிட்டு என் மாமியார் முகத்தைச் சுளிக்க வைத்திருக்கிறார்கள்.

அந்த வருடம் நான் செய்துகொண்டிருந்தது ஒரு ஜாஸ் இசைத்தட்டு. ஐந்து பேர் கொண்ட குழு. அதன் தலைவர் சாக்ஸஃபோன் வாசிப்பவர், அறுபது தாண்டியவர், எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. தட்டில் எட்டு உருப்படிகள். குழு வாசிக்க வாசிக்க, நடுவில் ஒரு ஆள் பேசுவார். பாட்டு இல்லை, பேச்சு. பேசுபவர் மாஸ்டரின் சொந்தத் தம்பி. அவரை எல்லோரும் ‘சின்னவர்’ என்போம். தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தானே பேசினார்.

சின்னவர் ஒரு காலத்தில் அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கச்சேரி முடிந்து திரும்பும்போது குழுவின் வேன் ஒரு பாலத்துச் சுவரில் மோதியது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் இறந்துபோனார். அவர் குழுவின் பியானோக்காரர். இந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அக்கா புருஷன். வண்டியை ஓட்டியது சின்னவர் என்று வழக்கு நடந்தது. அவரும் ஒத்துக்கொண்டார். இரண்டு வருடம் சிறை. வெளியே வந்தபோது குழுவில் அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். அக்கா அவர் முகத்தில் அதற்கப்புறம் விழிக்கவே இல்லை.

இத்தனை வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து தட்டுப் போடுகிறார்கள் என்றால் ஊரே வாங்கிக் கேட்கும் என்று தயாரிப்பாளருக்கு ஆசை. மாஸ்டருக்குப் புகழ் ஆசை. சின்னவர் ஏன் வந்தார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார்.

“அக்கா என்னோட பேச மாட்டாங்க காது. போனை எடுக்க மாட்டாங்க. ஆனா எங்க குழுவோட தட்டு எது வந்தாலும் கேப்பாங்க. மாமா ஞாபகம். அவங்க காதுல என் குரல் விழணும்னா இது ஒண்ணுதான் வழி.”

அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பேச்சுப் பதிவு முடிந்ததும் பேசியவரை எழுந்து போக விடமாட்டோம். அதே நாற்காலியில், அதே மைக் முன்னால், ஒரு நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுவோம். அந்த மௌனத்தைப் பதிவு செய்துகொள்வோம். பின்னால் ஏதாவது ஒரு சொல்லை வெட்டினால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். அந்த ஓட்டையில் இந்த மௌனத்தை எடுத்து வைத்தால்தான் ஒட்டுத் தெரியாது. ஆள் இருக்கும் அறையின் மௌனம் வேறு. ஆள் இல்லாத அறையின் மௌனம் வேறு. உடம்பு ஒன்று உள்ளே இருந்தால் அறை கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்குத்தான் எனக்குக் காது என்று பெயர்.

சின்னவர் ஏழு உருப்படிக்கும் ஒழுங்காக அந்த ஒரு நிமிடத்தைத் தந்தார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, நாங்கள் பூத் என்போம். அதற்குள் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் மாட்டி, மறு காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய டிரம்ஸ்காரர் இல்லையா, கை சும்மா இருக்காது. இரண்டு விரலால் முழங்காலில் தட்டுவார். டக் டக்... டக். நான் பொத்தானை அமுக்கி, கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். அவர் சிரிப்பார்.

எட்டாவது உருப்படி திங்கட்கிழமை சாயங்காலம். ஆறு இருபது. கூடத்தில் குழு வாசித்தது. பூத்தில் சின்னவர் பேசினார். எழுதி வைத்திருந்த தாளை அவர் பார்க்கவே இல்லை.

“மழை இல்லை. பனி இல்லை. குறுக்கே யாரும் வரலை. பின் சீட்டுல மாமா தூங்கிட்டிருந்தார். முன் சீட்டுல நாங்க ரெண்டு பேர். அக்கா... வண்டியை ஓட்டியது அண்ணன்.”

அந்த இடத்தில் சாக்ஸஃபோன் நுழைய வேண்டும். நுழையவில்லை. மற்ற நான்கு பேரும் பழக்க தோஷத்தில் கடைசிவரை வாசித்து முடித்தார்கள். அதற்குள் மாஸ்டர் பூத் கதவைத் திறந்துவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“அதை மாத்திப் பேசு.”

“மாட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு செஞ்ச சத்தியம் மறந்துபோச்சா?”

“மாமா போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. எனக்கு நெஞ்சு சரியில்லை. அக்காவுக்குத் தெரியாம நான் போக மாட்டேன்.”

சின்னவர் ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். நான் வேலைப் புத்தியில், அந்த ஒரு நிமிடம் வேண்டுமே என்று கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்புறம் வந்து தர்றேன் காது. கண்டிப்பா வருவேன்.”

புதன்கிழமை மாஸ்டர் தனியாக வந்தார். விட்டுப்போன சாக்ஸஃபோன் பகுதியை ஒரே டேக்கில் வாசித்து முடித்தார். பிரமாதமாக வாசித்தார், பாவி. முடித்துவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கடைசி வார்த்தையை எடுத்துவிட்டு, சின்னவரே வேறு இடத்தில் சொல்லியிருக்கிற ‘நான்’ என்ற வார்த்தையை அங்கே வைக்கச் சொன்னார். வண்டியை ஓட்டியது நான். அக்காவும் அதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறாள், புதிதாக யாருக்கும் நஷ்டம் இல்லை என்றார். செய்தால் தட்டின் முன் அட்டையில் என் பெயர். செய்யாவிட்டால் இனி எந்த ஸ்டுடியோவிலும் எனக்கு நாற்காலி கிடையாது.

நான் ஒரு நாள் அவகாசம் கேட்கவில்லை. சின்னவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மைக் கதை என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் நல்லவளாக எழுத முடியாது.

வியாழக்கிழமை. காலை 11.10. ஸ்டுடியோவில் நான் மட்டும். மாஸ்டர் ஒரு மணிக்கு வந்து கேட்பதாக ஏற்பாடு. வெளிக் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டேன். செய்கிற வேலை அப்படி.

மூன்றாவது உருப்படியில் நல்ல ‘நான்’ ஒன்று கிடைத்தது. அதே தாழ்ந்த குரல், அதே இழுப்பு. பிரதி எடுத்து, ‘அண்ணன்’ இருந்த இடத்தில் ஒட்டினேன். பொருந்தியது. ஆனால் அதற்கு முன்னால் அவர் இழுத்த மூச்சு பொருந்தவில்லை. பெரிய வார்த்தைக்கு இழுத்த பெரிய மூச்சு அது. அதை வெட்டினேன். அந்த ஓட்டையை அடைக்க மௌனம் வேண்டும். எட்டாவது உருப்படிக்குத்தான் மௌனம் இல்லையே. மற்ற நாட்களில் எடுத்ததை வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. ஏர்கண்டிஷனர், காற்று, ஏதாவது ஒன்று நாளுக்கு நாள் மாறிவிடும்.

சரி, காலி பூத்தையே பதிவு செய்வோம் என்று எழுந்தேன். பூத்துக்குள் போனேன். மைக் அவர் விட்டுப்போன உயரத்திலேயே இருந்தது. நாற்காலி காலி. ஹெட்ஃபோன் ஆணியில். தாள் வைக்கும் ஸ்டாண்டின் சின்ன விளக்கை அணைத்தேன். கதவை இறுக்கிச் சாத்தினேன். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டேன்.

11.42. ஒரு நிமிடம். 11.43. நிறுத்தினேன்.

கேட்டேன். அருமையாகப் பொருந்தியது. ஒட்டே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினேன்.

அங்கேதான் தப்புச் செய்தேன். அது பொருந்தியிருக்கவே கூடாது.

திங்கட்கிழமைப் பதிவு சின்னவர் உள்ளே உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. நான் இப்போது பதிவு செய்தது காலி அறை. காலி அறையின் மௌனம் கொஞ்சம் விரிந்து கேட்க வேண்டும். இது விரியவில்லை. அடங்கியிருந்தது. உள்ளே ஓர் உடம்பு இருக்கும்போது அடங்குமே, அப்படி.

டீயைக் கீழே வைத்தேன். சத்தத்தைக் கூட்டி மறுபடியும் கேட்டேன்.

பத்தாவது நொடியில் ஒன்றும் இல்லை. இருபதாவது நொடியில் ஒன்றும் இல்லை. இருபத்தேழில்... ஒரு மூச்சு. உள்ளே இழுப்பது மட்டும். வெளியே விடுவது இல்லை. நாலு நொடி கழித்து இன்னொன்று. அதுவும் உள்ளே இழுப்பது மட்டும்.

பழைய பதிவு ஏதோ கலந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த மூச்சுகளை வெட்டினேன். நாற்பதாவது நொடிக்கு வந்தேன்.

டக் டக்... டக்.

விரலால் துணி மேல் தட்டும் சத்தம்.

நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பூத் காலி. நாற்காலி காலி. ஆனால் நான் அணைத்துவிட்டு வந்த ஸ்டாண்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹெட்ஃபோன் ஆணியில் இல்லை. மைக்குக்குப் பக்கத்தில், ஆள் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், அதன் வயர் மட்டும் கீழிருந்து மேலே போய் நின்றது. எதில் மாட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் உள்ளே திரும்பி, மறு பக்கம் வெளியே திரும்பியிருந்தது.

கண்ணைக் கசக்கினேன். ஹெட்ஃபோன் ஆணியில் இருந்தது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

11.58. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பயத்தை விட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் ஸ்டுடியோ, என் வேலை, இங்கே என்ன விளையாட்டு என்று. வேலையை முடித்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று ஒட்டிய இடத்தை ஓடவிட்டேன்.

“அக்கா... வண்டியை ஓட்டியது அண்ணன்.”

நான் ஒட்டிய ‘நான்’ அங்கே இல்லை.

மறுபடியும் வெட்டினேன். மறுபடியும் ஒட்டினேன். ஓடவிட்டேன்.

“வண்டியை ஓட்டியது அண்ணன்.”

இந்த முறை குரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மைக்குக்குக் கொஞ்சம் கிட்டே.

12.06. அப்போது நான் செய்ததை எந்த ஒலிப்பதிவாளரும் செய்ய மாட்டார். மூலப் பதிவையே அழித்தேன். திங்கட்கிழமை டேக், அதன் பிரதி, பிரதியின் பிரதி. நான் ஒட்டிய கோப்பைத் தவிர எல்லாவற்றையும். ‘அண்ணன்’ என்ற அந்த வார்த்தை உலகத்தில் எங்கேயும் இல்லாமல் செய்தேன்.  

ஓடவிட்டேன்.

“அக்கா... வண்டியை ஓட்டியது...”

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

மௌனம்.

அடங்கிய மௌனம்.

என் பதிவு மேசையில், அதாவது கன்சோலில், பூத் மைக்குக்கு ஒரு பச்சை முள் உண்டு. உள்ளே சத்தம் வந்தால்தான் அது ஏறும். அது ஏறியது. இறங்கியது. ஏறியது. பதிவு எதுவும் ஓடவில்லை. நான் ஓட்டத்தை நிறுத்தியிருந்தேன். இது பதிவு இல்லை. இப்போது உள்ளே நடப்பது.

ஹெட்ஃபோன் என் காதில்தான் இருந்தது.

“காது...”

கழற்ற நினைத்தேன். கை வரவில்லை.

“வந்துட்டேன்... ஒரு நிமிஷம் குடுத்துட்டேன்.”

அதே குரல். ஆனால் அதில் சிரிப்பு இல்லை. பழகிய மனிதரின் குரலில் அப்படி ஒரு வெறுப்பை நான் கேட்டதே இல்லை.

“என் மூச்சை வெட்டுனியே.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

“இப்ப நீ குடு.”

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் தொடவில்லை. திரையில் பதிவு ஓட ஆரம்பித்தது. 12.14.

மூச்சு இழுத்தேன்.

உள்ளே போகவில்லை.

மறுபடி இழுத்தேன். வாய் திறந்திருந்தது. மூக்கு திறந்திருந்தது. அறை நிறையக் காற்று. ஒரு துளி உள்ளே வரவில்லை.

பத்து நொடி.

கன்சோலைப் பிடித்துக்கொண்டேன். டீ டம்ளர் உருண்டு விழுந்தது.

இருபது.

நெஞ்சு மேலே ஏறியது... அங்கேயே நின்றது.

டக் டக்... டக்.

முப்பத்தைந்து.

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால், பூத்துக்குள், நாற்காலியில்...

நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐம்பது.

டக் டக்...

ஐம்பத்தெட்டு...

“போதும்.”

காற்று வந்தது. முழுசாக ஒரே நேரத்தில் வந்தது. தரையில் கிடந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரையில் பதிவு சரியாக ஒரு நிமிடத்தில் நின்றிருந்தது. 12.15. தவழ்ந்தபடியே வெளிக் கதவு வரை போய்ப் பூட்டைத் திறந்து, வெயிலில் உட்கார்ந்தேன். எதிர்க் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உதடு நீலமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார்.

ஒரு மணிக்கு மாஸ்டர் வந்தார். நான் உள்ளே வர மாட்டேன் என்றேன். என்ன நடந்தது என்று பாதி சொன்னேன். தூக்கம் இல்லாமல் வேலை செய்தால் இப்படித்தான் என்று அவரே உள்ளே போய் ஓடவிட்டார். நான் வாசலில் நின்றபடி கேட்டேன்.

“அக்கா... வண்டியை ஓட்டியது நான்.”

சுத்தமாக இருந்தது. மூச்சு இல்லை, தட்டல் இல்லை, ஒட்டு இல்லை. அவர் வாசித்த சாக்ஸஃபோன் சரியான இடத்தில் நுழைந்தது. அதைக் கேட்ட தைரியத்தில் உள்ளே போய், நான் மூச்சில்லாமல் கிடந்த அந்த ஒரு நிமிடப் பதிவைத் தேடினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை. மாஸ்டர் என் முதுகில் தட்டிவிட்டுப் பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் காரில் ஏறும்போது அவருக்குப் போன் வந்தது. 1.25. சின்னவர் இருந்த மாடி வீட்டின் கீழ்வீட்டுக்காரர். இரண்டு மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். சின்னவர் நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் இருந்திருக்கிறார். மாரடைப்பு. திங்கட்கிழமை ராத்திரியே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார்.

புதன்கிழமை நான் சரி என்று சொன்னபோது அவர் உயிரோடு இல்லை.

வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். மாஸ்டர் தலைமாட்டில் நின்று அழுதார். நன்றாகவே அழுதார். அக்கா வரவில்லை. என் புருஷனைக் கொன்றவன் முகத்தைச் செத்த பிறகும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை என் பக்கத்தில் நின்றுதான் ஒருவர் சொன்னார்.  அவர் குரலிலேயே உண்மையைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவு. அதை என் கையால் அழித்திருந்தேன்.

அடுத்த நாள் மாஸ்டரிடம் போய், கடைசி உருப்படியை எடுத்துவிடுங்கள், வெளியிட வேண்டாம் என்று கெஞ்சினேன். செத்தவனுக்குப் பரிந்து பேச நீ யார் என்று கேட்டார்.  அக்காவின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரு நாளும் கூப்பிடவில்லை. யார் நம்புவார்கள் என்பது சாக்கு. நான் செய்ததை நானே சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

ஐந்து வாரம் கழித்துத் தட்டு வந்தது. முன் அட்டையில் என் பெயர் இருந்தது. பயந்து பயந்து வீட்டில் போட்டுக் கேட்டேன். ‘நான்’ என்றுதான் இருந்தது. கடையில் இன்னொரு தட்டு வாங்கிக் கேட்டேன். குழுவில் இருந்த நான்கு பேரின் தட்டுகளையும் வாங்கிக் கேட்டேன். எல்லாவற்றிலும் ‘நான்’. சாக்ஸஃபோனோடு முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அதே மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4.25. தெரியாத நம்பரிலிருந்து போன். வயதான பெண் குரல்.

“அட்டையில பேர் போட்டிருக்கே, நீங்கதானா? நான் சின்னவனோட அக்கா.”

உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நிதானமாகத்தான் பேசினார். பெரியவன் முந்தின வாரம் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தானாம். தம்பி கடைசியில் மனசாரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், கேள் அக்கா என்று தானே போட்டானாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டானாம். கடைசி உருப்படி முடிந்ததும் வெளுத்துப் போய், செருப்பைக்கூட மாட்டாமல் படி இறங்கிப் போய்விட்டானாம். அதற்கப்புறம் ஆளையே காணோம் என்றார். எனக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது. மாஸ்டரால் இப்போது வாசிக்க முடியவில்லை, சாக்ஸஃபோனை வாயில் வைத்தால் மூச்சு நின்றுவிடுகிறது என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

“என்ன கேட்டீங்க அக்கா?” என்றேன்.

“வண்டியை ஓட்டியது அண்ணன்னு சின்னவன் சொல்றான். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை பேசலையே நான் அவன்கிட்ட.”

அழுதார். நானும் அழுதேன். அந்த ஒரு தட்டில் மட்டும். ஆயிரம் தட்டில் அந்த ஒன்றில் மட்டும். அது போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது என்று நினைத்தேன். போனை வைத்துவிடலாம் என்று இருந்தபோது அவர் கேட்டார்.

“இன்னொண்ணு கேக்கணும்மா. அது முடிஞ்ச அப்புறம், கடைசியில ஒரு பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் வருதே... கேக்கவே முடியல. எதுக்கு அதைச் சேத்தீங்க? யாரு அது?”

‘நான்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான். வாயில் வரவில்லை.

“கடிகாரத்தைப் பாத்தேன். சரியா ஒரு நிமிஷம். அப்புறம் சின்னவன் ‘போதும்’னு சொல்றான். அதோட தட்டு நின்னுடுது.”

அந்த ‘போதும்’ பற்றி அன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாஸ்டரிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம்கூட இல்லை.

அன்று ஸ்டுடியோவில் திறந்திருந்தது ஒரே ஒரு மைக். அது சத்தம் புகாத கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாத்திய பூத்துக்குள், காலி நாற்காலிக்கு முன்னால் இருந்தது. நான் இந்தப் பக்கம் இருந்தேன்.